வா என்றால் போ

ஹட்டனில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நடக்கும் பிரெஞ்சு வகுப்பில் இன்று "போவது" என்ற வினைச்சொல்லைப் படித்தோம். ஒழுங்குக்கு அடங்காத சொல். நான் போகிறேன் என்றால் "ஜ வே". அவர் போகிறார் என்றால் "இல் வா". ஒருவரைப் பார்த்து "போ" என்று சொல்வதற்கும் அதே "வா"தான் என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது நடந்தது நினைவுக்கு வந்தது. கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் ஒற்றை அறை லயத்துக் காம்பிராவில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. அம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். மூன்று நாளாக அவளோடு பேசாத அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் போறேன்" என்றார்.

பிசைந்த கை நின்றது. "அப்படிச் சொல்லாதீங்க. போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க."

அப்பா செருப்பை மாட்டினார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

அம்மா மாவுக் கையோடு என் முதுகைத் தள்ளினாள். "நீ கூப்பிடு புள்ள. நீ கூப்பிட்டா நிப்பாரு."

வாசலுக்கு ஓடிக் கத்தினேன். "அப்பா, வா! வாப்பா!"

பனிமூட்டத்துக்குள் அவர் நின்றார். பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். பிறகு அவர் வரவேயில்லை.

"இப்ப நீங்க," என்று டீச்சர் என்னைக் காட்டினார். "முன்னால ஒருத்தர் நிக்கிறாரு. போன்னு சொல்லுங்க."

வகுப்பே என்னைப் பார்த்தது.

"வா," என்றேன்.

"சரியாச் சொன்னீங்க," என்றார் டீச்சர்.