அம்மா உள்ளே வருகிற அத்தியாயம்

எங்கள் அலுவலகத்தில் அவளைக் கமா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்தவள் நான். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை கைடு அச்சடித்து விற்கிற கம்பெனி அது. நான் தட்டச்சு செய்து பக்கம் கட்டுகிறவள், அவள் பிழை திருத்துகிறவள். நான் அனுப்புகிற பக்கங்களில் கண்ட இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் ஒரு கமாவைச் செருகித் திருப்பி அனுப்புவாள். பேச்சும் அப்படித்தான். பாதி வாக்கியத்தில் நின்று, எதிராளி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மீதியைச் சொல்வாள். "ஏம்மா, மீதி நாளைக்கு வருமா?" என்று நான் கேட்டால் சிரிப்பாள்.

இந்தக் கதையைச் சொல்லட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "சொல்லுக்கா. வேண்டாம்னு சொல்ல, எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்றாள். அவள் மகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எல்லாம்தான் புத்தகமாகவே வந்துவிட்டதே, இனி மூடி வைத்து என்ன ஆகப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கமாவுக்குப் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக நாவல் எழுத வேண்டும் என்று ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, அது ஒரு பிடிவாதம். "சின்னப் பிள்ளைங்களுக்குக் கதை இருக்கு, பெரியவங்களுக்குக் கதை இருக்கு. நடுவுல இருக்கறதுங்களுக்கு, நாம போடற கைடு மட்டும்தான் இருக்கு" என்பாள். நாங்கள் போடுகிற கைடை நான்தானே பக்கம் கட்டுகிறேன். அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்கும் பரிதாபமாகத்தான் இருந்தது.

வீணாய்ப்போன திருத்தப் பிரதிகளின் பின்பக்கத்தில்தான் எழுதுவாள். அதில் ஒரு வசதி. அவள் வீட்டில் எப்போதும் சாப்பாட்டு மேசை மேலும் கட்டில் அடியிலும் அந்தத் தாள்கள்தான் கிடக்கும். அம்மா ஆபீஸ் வேலை பார்க்கிறாள் என்று மகள் நினைத்துக்கொள்வாள். மறைப்பதற்குக் காரணம் அவள் புருஷன். கல்யாணமான புதிதில் அவள் எழுதியிருந்த ஒரு பக்கத்தை எடுத்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் ராகம் போட்டுப் படித்திருக்கிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்னைத் தவிர யாரிடமும் அவள் எழுத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்தேன். வேலைக்கு ஒழுங்காகப் போவான். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. வாசல் கதவில் அவன் சாவி நுழைகிற சத்தத்தை வைத்தே தாயும் மகளும் அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவார்களாம். ஒரே திருப்பில் திறந்தால் பிரச்சினை இல்லை. சாவி பூட்டைத் தேடித் தடவினால், மகள் புத்தகத்தை மூடிவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவாள். கமா பீங்கான் தட்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள்.

ஒருநாள் வேலைக்குப் போன இடத்திலேயே நெஞ்சு வலி வந்து செத்துப்போனான். கமா அழுதாள். மகள் அழவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கிற பெண், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு நடமாடினாள். "கல் நெஞ்சு" என்று ஒரு அத்தை அவள் காதுபடவே சொன்னாள். அந்த அத்தைக்கு என்ன தெரியும்? நானும் அங்கேதான் நின்றேன், வெடுக்கென்று கேட்டிருக்கலாம். சாவு வீடாயிற்றே என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

கமா அதுவரை இரண்டு நாவல் எழுதி, இளையோர் புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தாள். முதலாவதில் ஒரு பையன் மரம் நடுவான். இரண்டாவதில் ஒரு பெண் செல்போனைத் தூக்கிப் போட்டுவிட்டு வகுப்பில் முதலாவதாக வருவாள். இரண்டும் போன வேகத்தில் திரும்பி வந்தன. "பிள்ளைங்களுக்குக் கதை சொல்லுங்கம்மா, பாடம் நடத்தாதீங்க" என்று பதிப்பாசிரியர் போனில் சொன்னாராம். படித்துப் பார்த்த நான் அதையே இன்னும் மோசமான வார்த்தையில் சொல்லியிருந்தேன். அவளுக்கு அந்த வயதுப் பெண் எப்படிப் பேசுவாள் என்று தெரியவில்லை. வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள், ஆனால் அந்த வீட்டில் யாரும் அதிகம் பேசிப் பழகவில்லை.

சாவு நடந்து சில வாரம் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில், மகள் குளியலறைக்குப் போயிருக்கிறாள். துண்டை மறந்துவிட்டாள் என்று கமா எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே குழாய் திறந்திருந்தது. திடீரென்று தண்ணீர் நின்றுபோனது. எங்கள் ஊர்க் குழாய்க்கு அது வழக்கம்தான். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் மகளின் குரல் கேட்டது. வேறு ஊருக்குக் குடிபோய்விட்ட ஒரே தோழியிடம் போனில் அழுதுகொண்டிருந்தாள்.

"சாவி திரும்புற சத்தம் இனிமே வராதுன்னு நினைச்சா, தூக்கம் நல்லா வருதுடி. நான் கெட்டவளா?"

கமா கதவைத் தட்டவில்லை. துண்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்து, மேசையில் கிடந்த ஒரு தாளைத் திருப்பி, அந்த வரியை எழுதினாள். ஏன் தட்டவில்லை என்று பிறகு நான் அவளைக் கேட்டேன். "எனக்கும் தூக்கம் நல்லாதான்க்கா வந்துச்சு. உள்ளே போனா, அதைச் சொல்லணுமே" என்றாள். அவளை எனக்குப் பிடிக்கும் என்பதால் அவளிடம் சொல்லவில்லை, ஆனால் அப்படியிருந்தும் அவள் தட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது நாவல் அந்த வரியிலிருந்து மளமளவென்று வந்தது. மரமும் இல்லை, முதல் மதிப்பெண்ணும் இல்லை. அப்பா செத்த வீட்டில் அழ முடியாத ஒரு பெண், அவ்வளவுதான். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அவள் குளியலறையில் உட்கார்ந்து அந்த வரியைச் சொல்கிறாள். வெளியே நிற்கிற அம்மா கதவைத் தட்டி, உள்ளே வந்து, மகளைக் கட்டிக்கொள்கிறாள். படித்துவிட்டு நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அது யாருடைய வரி என்று அப்போது எனக்குத் தெரியாது. பதிப்பாசிரியர் இந்தத் தடவை அவரே கூப்பிட்டார்.

அந்தப் பதிப்பகத்தில் ஒரு முறை உண்டு. எழுத்தாளர் பெயரை எடுத்துவிட்டு, பிரதியைத் தட்டச்சு செய்து நகலெடுத்து, ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் புத்தகம் படிக்கிற பிள்ளைகளாகப் பார்த்துக் கொடுப்பார்கள். அவர்கள் படித்துவிட்டு ஒருநாள் பதிப்பகத்துக்கு வந்து மனதில் பட்டதைப் பேசுவார்கள். எழுதியவர் அலுவலக ஆள் மாதிரி பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவருக்கும் சொல்ல மாட்டார்கள், அவர் போய் யாரையாவது சரிக்கட்டிவிடக் கூடாதே. அது தேறினால்தான் அச்சு.

அந்தச் சமயத்தில் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கமா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாளாம். "என்னடி ஆச்சுன்னு கேக்க வேண்டியதுதானே?" என்றேன். "கேட்டா, ஒண்ணுமில்லங்கறா" என்றாள். பரீட்சை பயமாக இருக்கும் என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம்.

கூட்டத்துக்குத் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நீள மேசை, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டில் பிஸ்கட். நாங்கள் ஜன்னலோரம் ஃபைல் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். சீருடையில் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். கடைசியாக வந்தவளைப் பார்த்ததும் கமாவின் கை என் முழங்கையை இறுக்கியது. அவள் மகள்.

அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டாள். அம்மா இங்கே எதற்கு என்று முதலில் புருவத்தைச் சுருக்கினாள். அதற்குள் பதிப்பாசிரியர், "அவங்க ரெண்டு பேரும் நம்ம ஆபீஸ்தான், கூச்சப்படாம பேசுங்க" என்றார். அம்மா இந்த ஆபீஸ் இல்லையே என்பது அவளுக்குத் தெரியும். அந்த முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வருவதை நான் பார்த்தேன். கண்ணை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம், முடியவில்லை.

பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். ஒரு பையன் நடுவில் கொஞ்சம் இழுக்குது என்றான். எல்லோருக்கும் அந்தக் குளியலறை அத்தியாயம் பிடித்திருந்தது. அம்மா வந்து கட்டிக்கொள்கிற இடத்தில் அழுதுவிட்டேன் என்று ஒரு பெண் சொன்னாள். பதிப்பாசிரியருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கடைசியில், "நீ ஒண்ணுமே சொல்லலியேம்மா?" என்று கமாவின் மகளைக் கேட்டார்.

அவள் எங்கள் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "அந்தப் பொண்ணு பேசறது எல்லாம் நிஜம் சார். அம்மா கதவைத் தட்டி உள்ளே வராங்க இல்ல, அது மட்டும் பொய். அந்த அம்மா வரமாட்டாங்க. வெளியே நின்னு முழுசா கேட்டுட்டு, சத்தம் போடாம போயிடுவாங்க."

"பிரமாதம்!" என்றார் பதிப்பாசிரியர். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

கமா வீட்டுக்குப் போனபோது மகள் சீருடை மாற்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். திட்டவில்லை, அழவும் இல்லை. "நான் அன்னிக்கு போன்ல சொன்னது அந்த ஒரு ஃபிரண்டுக்குத்தான் தெரியும். கதையில அதைப் படிச்சதும், அவதான் யார்கிட்டயோ சொல்லிட்டான்னு நினைச்சு, போன்ல வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிளாக் பண்ணிட்டேன். இப்போ கூப்பிட்டா அவ எடுக்கமாட்டேங்கறா" என்றிருக்கிறாள். அந்த வாரமெல்லாம் அவள் சாப்பிடாததன் காரணம் அதுதான்.

"புத்தகம் வேண்டாம்னு சொல்லிடறேன் கண்ணு. நீ, நீ சொல்லு, வேண்டாம்னா விட்டுடறேன்" என்றாள் கமா.

"கேட்டுட்டுத்தான் எழுதினியா? இப்போ மட்டும் எதுக்குக் கேக்கற?"

அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை. கமா புத்தகத்தைப் பதிப்பகத்திலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. பதிப்பாசிரியரோ மறுநாளே கூப்பிட்டு, அந்தப் பெண் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அம்மா உள்ளே வருவதை எடுத்துவிடுங்கள், கதவுக்கு வெளியே நிற்பதோடு நிறுத்துங்கள், கதை எங்கேயோ உயரத்துக்குப் போய்விடும் என்றார். "அவர் சொல்றதும் சரிதான்க்கா" என்றாள் கமா என்னிடம். எனக்கு எரிச்சலாக வந்தது. சரிதான் என்பதுதான் எரிச்சல்.

அச்சுக்குப் போகும் முன் திருத்தப் பிரதி அவள் கைக்கு வந்தது. மதிய உணவு நேரத்தில், எங்கள் அலுவலகத்திலேயே, கணக்குக் கைடுக்கும் அறிவியல் கைடுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். மகளின் வரி இருந்த பக்கத்தில் பேனாவை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்து அடித்தாள். நல்ல புத்தி வந்ததே என்று நான் டப்பாவை மூடிக்கொண்டு கை கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அடித்த வரிக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்திருந்தாள். அடித்தது செல்லாது, அப்படியே இருக்கட்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் போடுகிற குறி அது. அடுத்த பக்கத்தில், அம்மா உள்ளே வந்து மகளைக் கட்டிக்கொள்கிற பத்தி முழுவதையும் குறுக்காக அடித்திருந்தாள். அதன் கீழே புள்ளி இல்லை.

"அந்த வரி இல்லேன்னா புத்தகமே இல்லக்கா" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே.

புத்தகம் வந்தது. நன்றாகவே போகிறது. பள்ளிக்கூடங்கள் வாங்குகின்றன, எங்கோ இருக்கிற பெண் பிள்ளைகள் அவளுக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்கள், எங்க அம்மாகிட்ட சொல்ல முடியாததை உங்ககிட்ட சொல்றேன் என்று தொடங்கி. கமா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் போடுகிறாள். வீட்டில் இருப்பவள் சாப்பாடு, பஸ் நேரம், மதிப்பெண் அட்டையில் கையெழுத்து, இதைத் தவிர எதுவும் பேசுவதில்லை. ஏதாவது பேச வாயெடுத்தால்கூட, மேசை மேல் தாள் கிடக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வாளாம்.

முதல் பிரதி கைக்கு வந்த அன்று காலை, கமா அதை மகளிடம் கொடுத்திருக்கிறாள். பள்ளிக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள், அட்டையைக்கூடப் பார்க்காமல் நேராக அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். வரி இருந்தது. அதற்கு முகம் மாறவில்லை. அடுத்த பக்கம் திருப்பினாள், இன்னொரு பக்கம் திருப்பினாள், மறுபடி பின்னால் வந்து பார்த்தாள்.

"உள்ளே வந்து கட்டிக்கறதை எடுத்துட்டியா?"

"ஆமா கண்ணு. நீதானே, அன்னிக்கு..."

"அது ஒண்ணுதாம்மா நீயா எழுதினது" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இதைக் கமா என்னிடம் சொன்னபோது அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. எனக்கும்தான். "பின்னாடியே ஓட வேண்டியதுதானே! நீ என்னடி பண்ணினே?" என்றேன்.

அவள் வழக்கம்போல் நின்று, என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் பண்ணலக்கா. அவ சொன்னது நல்ல வரியா இருக்கேன்னு, தோணுச்சு."

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, எட்டாம் வகுப்பு அறிவியலைப் புரட்டத் தொடங்கினாள்.