கேசட்டின் கடைசி ஐந்து நிமிடம்

பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், வாடிக்கையாளர் எழுதிக்கொண்டு வரும் லிஸ்ட் ஒருநாளும் கேசட்டின் நீளத்துக்குச் சரியாக அமையாது. கடைசியில் நாலைந்து நிமிடம் மிஞ்சும். காலியாக விட்டால் மறுநாள் சண்டைக்கு வருவார்கள். அதனால் கடைக்காரன் தன் இஷ்டத்துக்கு எதையாவது போட்டு நிரப்புவான். தொண்ணூறுகளில் தி.நகரில், பனகல் பூங்கா பக்கத்துச் சந்து ஒன்றில் அப்படி நிரப்பிக்கொண்டிருந்தவன் நான். கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் மரத்துப்போன சகாக்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

பெல்ட் மாற்றினேன்

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன அடையாறுக்காரர் ஒருவர் தன் வெளிநாட்டுக் கேசட்டுகளை எங்கள் முதலாளியிடம் தள்ளிவிட்டுப் போனார். ஒன்றின் அட்டையில் பாலைவனம், நடுவே ஒரு பாறை. "ஸ்டோனர் ராக், டூம் மெட்டல்னு ரெண்டு ராக் வகை கலந்தது, அருமையான ஆல்பம், அவங்க ஊர்லயே யாரும் சீண்டல" என்று வருத்தத்தோடு சொன்னார்.

போட்டேன். கிடார் இழுத்தது. டிரம் இழுத்தது. பாடுகிறவர் அதைவிட இழுத்தார். டேப் டெக் மக்கர் பண்ணுகிறது என்று முடிவு செய்து, அதைத் திறந்து, பெல்ட் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் வைத்துத் துடைத்து மறுபடி போட்டேன். அதே இழுவை. அரை நாள் வேலை போச்சு. முதலாளி தலையை நீட்டிக் கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மெஷினு நல்லாத்தாம்ப்பா கீது. பாடறவனுக்குத்தான் பெல்ட் லூசு."

எப்போது ஆரம்பிக்கும்?

நாலாவது தடவை கேட்டபோது எனக்கு அந்த ஆல்பம் பிடித்துப்போனது. வெளியே ரங்கநாதன் தெருவுக்குப் போகும் கூட்டம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடும். உள்ளே இவர்கள் ஒரு அடி அடித்துவிட்டு, அது முழுக்க அடங்கிய பிறகுதான் அடுத்த அடி அடிப்பார்கள். கேட்கக் கேட்க என் தோள் இரண்டும் இறங்கும். நெஞ்சு நிறைந்த மாதிரி இருக்கும்.

முதலாளிக்கு அதெல்லாம் நிறையவில்லை. டேப் உயர்ந்த டேப், சும்மா தூங்குகிறது என்றார். வெளிநாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்னப் பள்ளம் இருக்கும், அதன்மேல் செலோடேப் ஒட்டிவிட்டால் பழையதை அழித்துப் புதிதாகப் பதியலாம். தீபாவளிக்குள் ஒரு ஆளாவது அதை முழுசாகப் பதிந்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அதன்மேல் பஜனை ஏறும் என்று கெடு வைத்தார். ஊரில் வேறு எங்கேயும் அந்த ஆல்பம் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கறுப்பு டீ-ஷர்ட் போட்ட கல்லூரி மாணவர் ஒருவர் வந்ததும் பாய்ந்து போய் ஹெட்போனை மாட்டிவிட்டேன். மூன்று நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் கையில் மரியாதையாகக் கொடுத்தார். "சூப்பர்ணா. பாட்டு எப்பண்ணா ஆரம்பிக்கும்?"

வடபழனிக் கல்யாணம்

நேர்வழி சரிப்படவில்லை. யார் கேசட்டில் என்ன மிஞ்சினாலும் பாறை ஆல்பத்தை வைத்தே நிரப்ப ஆரம்பித்தேன். யாராவது மயங்குவார்கள் என்று ஒரு நம்பிக்கை. வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போன நாதஸ்வரக் கேசட்டிலும் கை தானாக அதைப் போட்டுவிட்டது. அது போன பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

மறுநாள் மண்டப மேனேஜர் வந்தார். நான் ஸ்டூலுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன். அவர் அடிக்க வரவில்லை, உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "இன்னாத்த போட்ட நைனா? பந்தில குந்தினவங்க ஒவ்வொரு பருக்கையா எண்ணி எண்ணித் துன்னுக்கினு கீறாங்க. அடுத்த பந்திக்காரன் பின்னால நின்னுக்கினு என் சட்டைய புடிச்சிட்டான்!"

காலப்பிரமாணம்

தீபாவளிக்கு முதல் நாள் முதலாளி செலோடேப்பைக் கையில் எடுத்தார். ஒரு பள்ளத்தில் ஒட்டியும் விட்டார். நான் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன், பார்க்க மனசில்லை.

அப்போது மயிலாப்பூரிலிருந்து வீணை டீச்சர் ஒருவர் வந்தார். மாணவிகளின் கச்சேரியைப் பிரதி எடுக்க எங்களிடம் கொடுப்பவர். கச்சேரி முடிந்து மங்களத்துக்குப் பின்னால் என் கைங்கரியம் நாலு நிமிடம் இருந்தது. அதை மறந்தே போயிருந்தேன். கேசட்டைக் கவுண்டரில் 'டக்' என்று வைத்தார். நான் மன்னிப்புக்கு வாயைத் திறந்தேன்.

"கடைசில ஒருத்தன் கத்தறானே, அவன் யாருப்பா?"

பாறைப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். முதலாளி செலோடேப்பும் கையுமாக நின்றார்.

"ஆத்துல எல்லாரும் காதைப் பொத்திண்டு ஓடிட்டா. நான் மட்டும் தாளம் போட்டுண்டு ஒக்காந்திருந்தேன். எவ்வளவு சவுக்கம், எத்தனை மெதுவான நடை! ஒரு எடத்துலயும் வேகம் கூடி காலப்பிரமாணம் ஓடலை. என்கிட்ட வர்ற பொண்கள் ரெண்டு நிமிஷம் இப்படி நிக்கட்டுமே பார்க்கலாம்! முழுசாப் பதிஞ்சு குடு."

முதலாளி ஒட்டியதை நகத்தால் சுரண்டி எடுத்தார். அன்று பதியும்போது வால்யூமைக் கொஞ்சம் கூட்டியே வைத்தேன். கடைசியில் முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார்: "தப்பிச்சிக்கினான் உன் ஆளு. இன்னொரு வாட்டி ஓட்டு, அந்தம்மா இன்னாத்த கேட்டாங்கன்னு நானும் பாக்கறேன்."

அதற்கப்புறம் அந்த ஆல்பத்தைத் தேடி ஒரு ஈ காக்கைகூட வரவில்லை, ஆனால் ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பிடித்துவிட்டு இத்தனை வருஷமாகத் திருப்தியாக இருக்கிற வியாபாரி தி.நகரிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.