காத்திருக்கச் சொல்லும் குரல்

வேலை கேட்டு எழுதியதற்குப் பதிலாக வரும் உறையைப் பிரிப்பதற்கு முன், இரண்டாவது மாடிப் பெண் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். "ஒல்லி" என்பார் என்னிடம். "ஒல்லியா வந்தா வாழ்த்து, பெரியப்பா. குண்டா வந்தாத்தான் வேலை. சேர்றதுக்கு நாலு ஃபாரம் உள்ள வச்சிருப்பாங்க இல்ல?" பிறகு கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி ஓரத்தைப் பிரிப்பார். பிரித்த கோடு ஒருநாளும் கோணியதில்லை.

எங்கள் கட்டடத்தின் பதினாறு தபால் பெட்டிகளும் தரைத்தளத்தில், என் வாசலை ஒட்டி இருக்கின்றன. தபால்காரர் வருவது பதினொன்று பத்துக்கு. பதினொன்று ஐந்துக்கே இரண்டாவது மாடியிலிருந்து இவருடைய செருப்புச் சத்தம் இறங்கிவரும். ஒரு தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு ஆண்டு ஏழு மாதம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். கட்டடத்தில் எல்லாருக்கும் 'எக்ஸ்சேஞ்ச் அக்கா'. வேலை போய்ப் பதினேழு மாதமாகிறது. பெயர் போகவில்லை.

கடிதத்தை அவர் மனதுக்குள் படிப்பதில்லை. நிமிர்ந்து நின்று, ஆபரேட்டர் குரலில் அறிவிப்பார்: "நீங்கள் தொடர்புகொள்ள விரும்பும் வேலை தற்சமயம் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து சிறிது நேரம் கழித்து முயலவும்." படியேறுகிறவர்கள் நின்று சிரிப்பார்கள். மாடிக் கைப்பிடியைப் பிடித்தபடி கணவர் எட்டிப் பார்ப்பார். வேன் ஓட்டியவர், முதுகுத்தண்டில் வட்டு நழுவியதிலிருந்து, எட்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை.

"என்னடி எழுதியிருக்கான்?"

"எங்க இருந்தாலும் நல்லா இரும்மான்னு எழுதியிருக்கான்!"

"அதுக்கு எதுக்கு ஸ்டாம்ப்? போன்லயே சொல்லியிருக்கலாமே!"

இப்படி முப்பத்தொரு கடிதங்கள். எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். "முப்பத்தொரு கம்பெனி வாழ்த்தியிருக்கு, பெரியப்பா. என் கல்யாணத்தன்னைக்குக்கூட இத்தனை பேர் வாழ்த்தல. பாதிப் பேர் சாப்பாட்டுக்கு வந்தவங்க."

அந்தச் சிரிப்பு முதல் மாடித் திருப்பம் வரைதான். அதற்கப்பால் செருப்புச் சத்தம் மெதுவாகிவிடும். இறங்கி வர அவருக்கு ஒரு நிமிடம் ஆகும். கடிதம் வந்த நாட்களில் ஏறிப்போக நான்கு நிமிடம்.

வேலை போன கதையையும் வேடிக்கையாகத்தான் சொல்வார். ஒருநாள் மேலாளர் கூப்பிட்டு, புது இயந்திரத்துக்குக் கொஞ்சம் குரல் வேண்டும் என்றாராம். சுவரெல்லாம் மெத்தை அடித்த அறையில் உட்காரவைத்து, இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் நாற்பத்தாறு வாக்கியங்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். முடிந்ததும் ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு. பதினான்காவது வாரம் எக்ஸ்சேஞ்சைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அழைப்பவர்களுக்கு இன்றும் பதில் சொல்வது இவருடைய குரல்தான்.

"என் தொண்டைக்கு வேலை இருக்கு. தொண்டைக்குக் கீழ இருக்கற எனக்குத்தான் இல்ல. அது லீவுகூடப் போடாம உழைக்குது, பாவம்."

எங்கேனும் பேச வேண்டுமென்றால் என் வீட்டுக் கூடத்துப் பழைய டெலிபோனுக்குத்தான் வருவார். மொபைலைக் காதில் வைத்தால் சோப்புக் கட்டியை வைத்த மாதிரி இருக்கிறதாம். ரிசீவர் வலது காதில், இடது கை சும்மா. அந்தச் சும்மா கைக்கும் ஒரு வேலை உண்டு. இருமல் வந்தாலும் பிஸ்கட் மென்றாலும் அது தானாக எழுந்து பேசும் முனையைப் பொத்தும். "இந்தப் பக்கம் என்ன நடந்தாலும் அந்தப் பக்கம் கேக்கக் கூடாது. அதான் எங்க வேலையில முதல் பாடம்" என்பார்.

அதே மருத்துவமனை புதுக் கட்டடம் ஒன்றைத் திறந்து, வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. நாற்பது வயது நிறைவடையாதவராக இருக்க வேண்டும். அவருக்கு நாற்பது நிறைய அப்போது ஐம்பத்திரண்டு நாள் இருந்தது. மற்ற இடங்களும் அந்த வயதில்தான் கோடு போடுகின்றன. "இதான் கடைசி ரிங், பெரியப்பா" என்றார். அன்று மட்டும் நகைச்சுவை எதையும் சேர்க்கவில்லை. அதன் பிறகு வாரத்துக்கு இருமுறை என் டெலிபோனிலிருந்து அங்கே கூப்பிட்டு விசாரிப்பார். முதலில் எடுப்பது அவருடைய குரல். "எங்க அக்கா எடுத்துட்டா" என்று என்னைப் பார்த்துக் கண்சிமிட்டுவார். அது காத்திருக்கச் சொன்னால், "சரிங்க மேடம்" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை, பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்னதாக, அந்தக் கடிதம் வந்தது. அழுத்திப் பார்த்தவர் இன்னொரு முறை அழுத்தினார். பிறகு மாடியைப் பார்த்துக் கத்தினார்: "ஏங்க! குண்டு! குண்டு!"

கணவர் இறங்கத் தொடங்கினார். ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியில் பாரத்தைப் போட்டு, அடுத்த படிக்கு வந்தார். இவர் ஹேர்பின்னைத் தேடவில்லை. விரலாலேயே கிழித்தார். உறை கோணலாகக் கிழிந்தது.

"எத்தனை ஃபாரம்டி?" அவர் முதல் மாடித் திருப்பத்தில் இருந்தார்.

இவர் தாள்களை ஒன்றொன்றாகப் புரட்டினார்.

"அஞ்சு பேப்பர் இருக்குங்க. எல்லாம் என்னோடதுதான்."

விண்ணப்பத்தோடு அனுப்பிய சான்றிதழ் நகல்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மேலே ஒரு சிறு சீட்டு. அதிலும் வாழ்த்து.

கணவர் அங்கேயே நின்றார். "ஆஸ்பத்திரிக்காரன் இல்லையா, அதான் குண்டு உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றான்" என்றார். அவரும் சிரிக்கவில்லை. இவரும் சிரிக்கவில்லை.

"பெரியப்பா, ஒரு போன் பண்ணிக்கறேன். ஆள் மாறி அனுப்பிட்டாங்களோ என்னவோ."

எண்களை நிதானமாக அழுத்தினார். எனக்குக் காது மந்தம் என்பதால் என் டெலிபோனில் ஒலி அதிகம். கூடம் முழுவதும் கேட்கும். மணி இரண்டு முறை அடித்தது. பிறகு அந்தக் குரல், அவசரமில்லாமல், கனிவாக:

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்."

இவர் சரிங்க மேடம் என்று சொல்லவில்லை. காத்திருந்தார். அது இரண்டாம் முறை சொன்னது. மூன்றாம் முறை சொல்லத் தொடங்கியபோது அவருடைய தோள்கள் குலுங்கின. தாள்களைப் பிடித்திருந்த இடது கை அவற்றைத் தரையில் விட்டுவிட்டு எழுந்து வந்து, ரிசீவரின் பேசும் முனையை இறுகப் பொத்தியது.