ஒரு ஆளுக்கு ஒரு வீடு

தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம் அது. ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பிலிருந்து குடும்பங்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் கிளம்பத் தொடங்கியிருந்தன. யார் எங்கே போனார்கள், யாருக்கு யார் சொந்தம் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்க ராபர்ட்சன்பேட்டையிலிருந்த எங்கள் ஊர்ச் சங்கம் முடிவு செய்தது. வேலை என் மனைவி தலையில் விழுந்தது. அப்போதுதான் எங்களுக்குக் கல்யாணமாகியிருந்தது. இருவருமே தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவர்கள். ஆனால் எங்களில் கெட்டிக்காரி யார் என்று சங்கத்துக்கும் தெரிந்திருந்தது.

ரயிலிலேயே திட்டம் போட்டாள். டேட்டாபேஸில் ஆட்களைப் பட்டியல் போட ஒரு டேபிள், வீடுகளுக்கு ஒரு டேபிள். ஒவ்வொன்றிலிருந்தும் விவரத்தை எடுத்துத் தர ஜாவாவில் ஒரு கிளாஸ். ஆளைக் கேட்டால் தன் வீட்டைக் காட்டும். வீட்டைக் கேட்டால் தன் ஆட்களைக் கொடுக்கும்.

"ஒரு வீட்டுக்குப் பல ஆளு, ஒரு ஆளுக்கு ஒரு வீடு. இவ்ளோதாங்க," என்றாள். நானும் எல்லாம் புரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

சங்கத்தில் அதைக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை என் மாமனாரும் வந்திருந்தார். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவர்; எந்த மெஷினையும் தன் கையால் ஓட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். தன் வீட்டை அவரே கீபோர்டில் தட்டித் தேடினார். திரையில் அவர், என் மாமியார், மச்சான். அவ்வளவுதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னாம்மா, நீ எங்க?"

"நான் அவங்க வீட்ல இருக்கேன்பா."

"அது தெரியும். நம்ம வீட்ல ஏன் இல்ல?"

"கல்யாணம் ஆச்சில்ல, வீட்டு நம்பர் மாறிடுச்சு. ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்தாம்பா."

"யார் சொன்னது?"

"நான்தான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, நீங்க சொல்லி எழுதுனாளா?"

"நான் சொல்லி அவ எதை எழுதியிருக்கா மாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரயிலில் பங்காருபேட்டை தாண்டியதும் என் பேப்பரைப் பிடுங்கி அதன் ஓரத்தில் கட்டம் போட்டாள். இரண்டு டேபிளுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று: எந்த ஆள், எந்த வீடு, பிறந்ததா புகுந்ததா. அதற்கும் தனியாக ஒரு கிளாஸ். இனி ஒரு ஆளுக்கு எத்தனை வீடும் இருக்கலாம்.

அடுத்த ஞாயிறு மாமனார் மறுபடி தட்டினார். மெஷின் அப்படியே நின்றுவிட்டது. வீடு தன் ஆட்களைக் கூப்பிட்டது. ஒவ்வொரு ஆளும் தன் எல்லா வீட்டையும் கூப்பிட்டது. அந்த வீடுகள் தங்கள் ஆட்களை. எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சான்.

"நாலு பேரத்தானே கேட்டேன்?" என்றார்.

"ஆண்டர்சன்பேட்டை ஊரே கெளம்பி வந்துட்டிருக்கு மாமா, கொஞ்சம் பொறுங்க," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்டால் மட்டும் அடுத்த வீட்டைக் கொண்டுவரும்படி மாற்றி எழுதினாள். நாலு பெயரும் உடனே வந்தன. மகள் பெயரை மாமனார் வாய்விட்டுப் படித்தார்.

"மாப்ளையையும் நம்ம வீட்ல சேத்துடும்மா."

"பொறக்கவும் இல்ல, புகவும் இல்ல. இன்னான்னு போடறதுப்பா?"

"நீயே பாத்துப் போடு."

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. 'சாப்பாட்டுக்கு வருபவர்' என்று தட்டினாள். நான் எவ்வளவு கேட்டும் மாமனார் அதை அழிக்கவிடவில்லை.