கட்டிலுக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயர்

ஆறுமுகநேரியில் நம் வீட்டுக்குள் வெள்ளம் நுழைந்த அந்த டிசம்பர் காலையில் நான் முதலில் தூக்கியது நம் டிவியை. அடுத்து மிக்ஸி, அரிசி மூட்டை, உங்கள் பள்ளிக்கூடப் பைகள். எல்லாவற்றையும் பரணில் ஏற்றி, உங்களை மாடி வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான், கட்டிலுக்கு அடியில் அண்ணாச்சியின் ஆம்ப்ளிஃபயர் இருப்பது நினைவுக்கு வந்தது. இழுத்துத் தூக்கினேன். எல்லா ஓட்டையிலிருந்தும் சேற்றுத் தண்ணீர் ஒழுகியது.

அடுத்த தெரு அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். இளவயதில் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போட்டவர். தொழிலை விட்ட பிறகும் அந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரை மட்டும் அவர் விற்கவில்லை; சாயங்காலம் அதில்தான் இசைத்தட்டுப் போட்டுக் கேட்பார். ஊய் என்று இரைகிறது, என்னவென்று பார் என்று கொடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சாகுபுரத்துத் தொழிற்சாலை வேலை நேரம் போக நான் பழைய செட்டுகளைப் பழுது பார்ப்பவன் என்று நம்பிக் கொடுத்தார்.

தண்ணீர் வடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். வந்தது உப்பளங்களைக் கடந்து வந்த வெள்ளம். அப்படியே காயவிட்டால் உப்பு ஒயர்களைத் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் கழுவியே ஆகவேண்டும். மாடித் தொட்டியில் மிச்சம் இருந்ததோ சமையலுக்கான தண்ணீர். உங்கள் அம்மாவிடம் தயங்கித்தான் கேட்டேன்.

"ரெண்டு வாளி எடுத்துக்கிடுங்க. ஆனா மொதல்ல அண்ணாச்சிகிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். பல்பு மாதிரி இருக்கும் கண்ணாடி வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு, துவைக்கிற கல்லில் பெட்டியைச் சாய்த்து, பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"ஏலே! என்னலே செய்யுத?"

அண்ணாச்சிதான். கரண்ட் பெட்டியை ஒருவன் குளிப்பாட்டுவதை அவர் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டிவியைத் தூக்கியதையும், இதை மறந்ததையும்.

அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஒன் டிவி நனையலையோ?" என்றார்.

"நனையல, அண்ணாச்சி."

கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார். வாளியைப் பார்த்தார். "சோப்பு போட்டியா, இல்லியா?"

கேலியா கோபமா, தெரியவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டதில் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

வெயில் அடித்த நாளெல்லாம் மாடியில் காயவைத்தேன். பிறகு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வால்வுகளைத் திரும்பச் செருகி, நேராகக் கரண்ட் கொடுக்காமல் இடையில் ஒரு குண்டு பல்பைக் கோத்தேன். பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று என்று அர்த்தம். மங்கினால் பிழைத்தது.

சுவிட்சைப் போட்டேன். பளீரென்று எரிந்தது. அண்ணாச்சி என் தோளைப் பிடித்தார். பிறகு பல்பு மெல்ல மெல்ல மங்கியது. வால்வுகளுக்குள் சிவப்பு ஏறியது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. பல்பை எடுத்துவிட்டு நேர் கரண்ட் கொடுத்ததும் ஸ்பீக்கரில் ஊய் என்று ஒரே இரைச்சல்.

"இந்தச் சத்தத்துக்குத்தானலே ஒன்கிட்டக் கொண்டாந்தேன்! அப்படியே இருக்கு!" அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார்.

"கண்டன்சர் மாத்தணும், அண்ணாச்சி. ரெண்டு நாள் குடுங்க."

கையோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இங்கனயே இருக்கட்டும். ஆனா கட்டிலுக்கு மேல வையி."

அந்த ரெண்டு நாளும் நீங்கள் ஏன் தரையில் படுத்தீர்கள் என்று இப்போது தெரிகிறதா?