வண்டிக் கதவில் ஒரு நீர்த்துளி

சேலத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருக்கிறேன். ஒரு லோகோவின் பலம், பலவீனம் பார்த்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. போன வருடம் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு போர்வெல் கம்பெனி தன் லோகோவை அனுப்பி, மாற்றலாமா என்று கேட்டது. திறந்து பார்த்தால் நான் வரைந்த படம். நீலத்தில் பெரிய துளி, அதற்குள் கீழே இறங்கும் மஞ்சள் கோடு. அந்தக் கம்பெனிக்காரர் வீட்டு மருமகளாக இருந்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்தது. யார் வடிவமைத்தது என்று நாங்கள் கேட்டதற்கு, சென்னையில் ஒரு கம்பெனி என்று பதில் வந்திருந்தது.

ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக்கொடுத்தவர் என் மாமனார். நான் கல்யாணமாகி அங்கே போன மறு கோடையில், அவர் சொந்தத் தோட்டத்தில் அவருடைய ரிக் வண்டியே இறங்கித் துளை போட்டும் புழுதிதான் பறந்தது. ஊர் சிரித்தது. பழி போட ஆள் வேண்டுமே? புதிதாக வந்தவள் ராசியில்லாதவள் என்றார்கள். அடுத்த தைக்குள் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி, பிறகு விவாகரத்தும் வாங்கிவிட்டார்கள். படத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆத்தூர் ரோட்டில் பஸ்ஸில் போனால்கூட என் துளி பக்கத்தில் ஒரு வண்டிக் கதவில் போகும். அந்தக் கதவுகளிலிருந்து அது அழிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மாமனாரும் மகனும் எங்கள் ஆபீசுக்கு நேரில் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் மகன் போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன்தான் என் கணவனாக இருந்தவன்.

உண்மையில் அது நல்ல லோகோ. கோடுகள் தடிமன், வண்டி மேல் சேறு அடித்தாலும் அடையாளம் தெரியும். படிக்கத் தெரியாதவருக்கும் தண்ணீர் என்று புரியும். கறுப்பு மையில் சின்னதாக அச்சடித்தாலும் கெடாது. இதில் ஒன்றைக்கூட நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. துளி இடப்பக்கம் சாய்கிறது, மஞ்சள் வெயிலில் வெளுக்கிறது என்றேன். இவை இரண்டும் நிஜம். போனில் பார்த்தால் விளக்குச் சுடர் மாதிரி இருக்கிறது, கம்பெனிப் பெயரோடு ஒட்டவில்லை, பார்த்தவர் மனதில் நிற்காது என்றும் அடுக்கினேன். இவை பொய். சொந்தப் பிள்ளையைத் திட்டுவது போலத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

மாமனார் என்னைப் பார்க்காமல் என் முதலாளியிடம் பேசினார். "கொறை இருந்தா இருந்துட்டுப் போகுதுங்க. இந்தப் படம் போட்டப்புறந்தான் ஒரு வண்டி நாலு வண்டியாச்சு. ராசியான படமுங்க. மாத்த மனசு வரலீங்க."

"அதை வரைஞ்சது நான்தானுங்க" என்றேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "வரைஞ்சவ ராசியில்லாதவன்னு ஊட்ட விட்டு அனுப்பிட்டீங்க. படம் மட்டும் எப்படீங்க ராசியாகும்?"

மாமனார் திரையிலிருந்த துளியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிவிட்டது. இனி அவரால் அதை வைத்திருக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அப்படியொரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. அன்று மதியம் பிரியாணி வாங்கி வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மகன் போன் செய்தான். பிரிந்த பிறகு அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா எல்லா வண்டியையும் ஷெட்டுல நிறுத்திட்டாரு. படத்தை அழிங்கறாரு, பெயின்ட் டப்பாவத் தொறந்தா வேண்டாங்கறாரு. ராத்திரி தூக்கமே இல்ல. ராசியெல்லாம் ஒண்ணும் கெடையாதுன்னு நீ அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. நீ சொன்னாக் கேப்பாரு."

"தோட்டத்துல புழுதி பறந்தன்னைக்கு அந்த வார்த்தைய நீங்க சொல்லியிருக்கோணுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அன்றைக்கும் அவன் இப்படித்தான் நின்றான்.