பச்சை பூசிய கூலிகள்

ரோஸ்லின் டீச்சருக்கு மலைப்பாதையில் ஒருநாளும் குமட்டியதில்லை. திருச்சியிலிருந்து மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டுப் பள்ளிக்குச் சரித்திரம் நடத்த வந்து ஆறு வருடம். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பக்கத்து சீட்டுக்காரர்கள் வாந்தி எடுக்க, இவர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு வருவார். அப்பேர்ப்பட்டவருக்குக் குமட்டியது சேந்தமங்கலத்தில், சமதரையில், மாணவர் கண்காட்சிக் கூடத்தில்.

பத்தாம் வகுப்புக்கு உலகப்போர் நடத்தும்போது, சயாம்–பர்மா ரயில்பாதை போட மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் இழுத்துப்போன தமிழ்க் கூலிகளைப் பற்றிச் சொன்னார். பட்டினியிலும் காலராவிலும் ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள் என்றார். கண்காட்சிக்கு அதை நீங்களே ஏதாவது செய்து காட்டுங்கள் என்றும் சொன்னார். பிள்ளைகள் மரவள்ளிக் குச்சிகளை வெட்டி வந்து, முகம் கீறி, கந்தல் சுற்றி, மண் தட்டில் வரிசையாக நட்டார்கள். அத்தனையும் தலைகீழாக.

"ஏன்மா, கணுவெல்லாம் கீழ பாக்குது?"

"நேரா நட்டா முளைச்சிருமுங்க டீச்சர்," என்றாள் யமுனா. "இவங்க செத்தவங்கதானுங்களே."

தலைமையாசிரியர் அர்த்தனாரி வந்து பார்த்தார். "ஏனுங்க டீச்சர், பொணத்தைக் காட்டியா பரிசு வாங்குறது?" என்றார்.

கண்காட்சியன்று காலையில் தெர்மாகோல் டாங்கி ஒன்று வந்து நின்றது. கடையில் வாங்கியது, பொத்தானை அமுக்கினால் டப்டப்பென்று சுடும். கூலிகளின் கந்தலை உருவி, பச்சைப் பெயின்ட் அடித்து, ஆளுக்கொரு காகிதத் துப்பாக்கி செருகி, டாங்கியைச் சுற்றி நிறுத்தியிருந்தார் அர்த்தனாரி. பட்டினியில் செத்தவனைப் பட்டாளத்தான் ஆக்கிவிட்டு, "இப்பத்தான் களை கட்டுது" என்று வேறு சிரித்தார். த்தூ! ஆனால் ரோஸ்லின் துப்பவில்லை. அவருடைய மாறுதல் மனு அந்த மனுஷனின் பையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. திருச்சியில் ஆறு வயது மகள், ஞாயிறு தவிர அம்மா முகம் பார்த்ததில்லை.

பரிசுக்குத் தேர்ந்தெடுக்க வந்த கல்வி அதிகாரி அம்மா பொத்தானை அமுக்கினார், கைதட்டினார், டாங்கியோடு மூன்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். பிறகு குச்சிகளைக் காட்டி, "இவங்க யாரு, சோல்ஜர்ஸா?" என்றார்.

"ஆமாங்க மேடம்," என்றார் அர்த்தனாரி.

"இல்லீங்க," என்றாள் யமுனா. "கூலிக்காரங்க. ரயில்ரோடு போடக் கூட்டிட்டுப் போய்ச் சாகடிச்சவங்க. டீச்சர்தான் சொன்னாங்க."

அதிகாரி ரோஸ்லினைப் பார்த்தார். அர்த்தனாரியும் பார்த்தார். ரோஸ்லின் வாயில் புளித்த எச்சில் ஊறியது.

"சிப்பாய்ங்கதான் மேடம். புள்ள பாடத்தைக் கொழப்பிக்கிச்சு."

முதல் பரிசு கிடைத்தது. அர்த்தனாரி கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அங்கேயே மனுவில் கையெழுத்துப் போட்டார். ரோஸ்லின் குழாயடிக்குப் போய் மூன்று தடவை வாய் கொப்பளித்தார். அந்த ஆளைப் பார்த்து வந்த அருவருப்பைவிடத் தன்மேல் வந்ததுதான் அதிகம். அது எத்தனை தண்ணீருக்கும் போவதாக இல்லை.

மலையேறும் பஸ்ஸில் யமுனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபித்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்திருந்தால்கூடத் தேவலை. அவள் மடியில் நோட்டை விரித்து, எழுதத் தயாராக, மரியாதையாகக் கேட்டாள்.

"பரீட்சையில எதை எழுதட்டுமுங்க டீச்சர்? வகுப்புல நீங்க சொன்னதையா, இங்க சொன்னதையா?"